கொழும்பின் விடிகாலைக் காற்றுக்கு எந்தக் கொந்தளிப்புத் திட்டம் பொருந்தும்?

கேள்வி (எழுதியவர்: கூரைமேல் அளவி)

அனைவருக்கும் வணக்கம். வளிமண்டலத்தின் கீழ்ப்படையில் மாசுத் துணிக்கைகள் எவ்வாறு பரவுகின்றன என்பதைப் பற்றி முதுமாணிப் பட்டத்திற்காக ஆய்வு செய்து வருகிறேன். கொழும்பை நடுவில் வைத்து, ஒரு கிலோமீற்றர் கட்ட இடைவெளியுடன் டபிள்யூ.ஆர்.எஃப் என்னும் வானிலைக் கணிப்பு மாதிரியை இயக்குகிறேன். தரையின் தாக்கம் நேரடியாக எட்டும் கீழ்க்காற்றான எல்லைப்படையில் கொந்தளிப்பைக் கணிக்க, யொன்சே பல்கலைக்கழகத் திட்டத்தை ஒரு முறையும், கொந்தளிப்பின் இயக்கச் சக்தியைத் தனிச் சமன்பாடாகத் தீர்க்கும் நக்கனிஷி–நீனோ திட்டத்தை மறுமுறையும் வைத்துப் பார்த்தேன்.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் அமைதியான இரவுகளில்தான் எனக்குச் சிக்கல் எழுகிறது. பின்னிரவில் மாதிரியின் கலப்புப்படை (கொந்தளிப்பால் காற்று கலக்கும் அடுக்கு) சில பத்து மீற்றர்களுக்குச் சுருங்கிவிடுகிறது, தரையோரக் காற்று ஏறத்தாழ நின்றுவிடுகிறது, விடிவதற்கு முன்பே பிஎம் 2.5 எனும் நுண்துணிக்கைகளின் செறிவு நம்ப முடியாத அளவுக்கு ஏறிவிடுகிறது. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் கூரையில் பூட்டியுள்ள அளவியோ அவ்வளவு ஏற்றத்தைக் காட்டுவதில்லை. அது காட்டும் உச்சமும் ஏழு மணிக்குப் பிறகே வருகிறது. ஆயினும் காற்று நன்றாகக் கலந்திருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. ஐந்தரை மணிக்குக் கூரையில் நின்று பார்த்தால், வாய்க்கால் ஓரத்தில் யாரோ குப்பைக்கு வைத்த தீயின் புகை இரண்டாம் மாடி உயரம் வரை எழுந்து, அங்கே பாய் விரித்தாற்போலப் படிந்து, கடற்பக்கமாக மெல்ல நகர்வதைக் காண்கிறேன். ஏழரை மணிக்கு அதே இடத்துப் புகை துண்டு துண்டாக உடைந்து எங்கள் கூரையையும் தாண்டி மேலே போய்விடுகிறது.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, மாதிரி எப்போதும் விட்டுவைக்கும் குறைந்தபட்சக் கலப்பின் அளவான பின்னணிப் பரவற்குணகத்தை உயர்த்தினால் எண்கள் அளவியோடு ஒத்துவருகின்றன. அவ்வாறு செய்வது நியாயமானதா? இரண்டாவது, யொன்சே திட்டத்தில் வெப்பநிலைப் படித்திறன் (உயரத்தோடு வெப்பநிலை மாறும் வீதம்) சுழியமாக உள்ள இடத்திலும் வெப்பம் மேலே செல்வதாகக் கணிக்கும் உறுப்பு ஒன்று உள்ளது. சூடான இடத்திலிருந்து குளிரான இடத்திற்கே வெப்பம் பாயும் என்று படித்த எனக்கு அது விளங்கவில்லை. அந்த உறுப்பை எவ்வாறு புரிந்துகொள்வது?

மறுமொழி 1 (எழுதியவர்: பாய்மவியல் ஆசிரியர்)

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது விளங்கினால் முதலாவதற்கும் பாதி வழி திறந்துவிடும்.

கொந்தளிப்பின் எல்லாச் சுழிகளையும் நேரடியாகத் தீர்க்க இயலாது என்பதே அனைத்திற்கும் வேர். கொழும்பின் மேலுள்ள காற்றில் மிகப் பெரிய சுழி ஒரு கிலோமீற்றர் அளவினது. பிசுக்குமையால் கரைந்துபோகும் மிகச் சிறிய சுழி ஒரு மில்லிமீற்றர் அளவினது. பக்கத்திற்கு ஒரு கிலோமீற்றர் உள்ள கனசதுரத்தை மில்லிமீற்றர் இடைவெளியில் நிரப்ப, ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் புள்ளிகள் வேண்டும். ஆகவே ரெனால்ட்ஸ் 1895இல் செய்ததையே நாமும் செய்கிறோம்: காற்றைச் சராசரி என்றும் ஏற்றஇறக்கம் என்றும் பிரித்து, சராசரிக்கு மட்டும் சமன்பாடு எழுதுகிறோம். அப்படி எழுதியவுடன் ஏற்றஇறக்கங்களின் பெருக்கங்கள் புதிய அறியாக் கணியங்களாக வந்து நிற்கின்றன. அவற்றுக்குச் சமன்பாடு எழுதினால் மூன்றன் பெருக்கங்கள் வருகின்றன. இந்த வரிசைக்கு முடிவில்லை. மூடற் சிக்கல் என்பது இதுவே. எந்தத் திட்டத்தைத் தெரிந்தெடுத்தாலும், இந்த வரிசையை ஏதோ ஓர் இடத்தில் ஊகத்தால் வெட்டுகிறோம் என்பதை மறவாதீர்கள்.

மிக எளிய வெட்டு, மூலக்கூறுகளின் பிசுக்குமையைப் போலச் சுழிகளுக்கும் ஒரு பிசுக்குமை உண்டு என்று கொள்வது. பூசினெஸ்க் 1877இல் சொன்ன இக்கருத்துக்குப் பிராண்டல் 1925இல் கலப்பு நீளம் என்ற அளவைக் கொடுத்தார். இக்கணக்கு சரியாக வரவேண்டுமானால், பொருளைச் சுமந்து செல்லும் சுழி, படித்திறன் மாறும் தூரத்தைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும். பகல்வேளை எல்லைப்படையில் இந்நிபந்தனை உடைந்துபோகிறது. நண்பகலில் தரையிலிருந்து சதுர மீற்றருக்கு 200 வாட் வெப்பம் எழுகிறது, கலப்புப்படை ஒரு கிலோமீற்றர் உயரமுடையது என்று வைத்துக்கொண்டால், சூடான காற்றுத் தூண்களின் சிறப்பு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.75 மீற்றர் என்று வருகிறது. அதாவது தரையை விட்டுக் கிளம்பிய ஒரு காற்றுப் பொதி, இடையிலுள்ள காற்றோடு அதிகம் கலவாமலேயே, பத்து நிமிடங்களுக்குள் படையின் உச்சியை அடைகிறது. அது நடுவழியில் கடந்துபோகும் இடத்தின் படித்திறன் என்ன என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அது தரையின் சூட்டை நினைவில் வைத்துக்கொண்டே பயணம் செய்கிறது.

டியர்டோர்ஃப் 1966இல் எடுத்துக்காட்டிய எதிர்ப்படித்திறன் உறுப்பு இந்த நினைவுக்கான கணக்கு. நீங்கள் படித்த விதி பொய்யாகவில்லை; ஒவ்வொரு பொதியும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடானதாகவே இருக்கிறது. சராசரியெடுத்த வெப்பநிலை வரைகோட்டில் மட்டும் அந்தச் சூடு தெரிவதில்லை.

யொன்சே திட்டம் முதலில் படையின் உயரத்தைக் கண்டுபிடித்து, அதன்பின் அந்த உயரத்தைக் கொண்டே பரவற்குணகத்தின் வளைவை வரைகிறது. உயரம் பிழைத்தால் அத்தனையும் பிழைக்கும். பகலில் இது பெரும்பாலும் தொல்லை தராது. உங்கள் இரவுச் சிக்கலில் அந்த உயரமே முதற் சந்தேகநபர்.

மறுமொழி 2 (எழுதியவர்: வானிலை நோக்குநர், ஓய்வுநிலை)

பிள்ளை, உங்கள் புகையைப் பற்றிய குறிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பல நாள் மாதிரி இயக்கியும் ஒரு நாள்கூட வெளியே நின்று புகையைப் பார்க்காதவர்கள் பலர். அந்தக் குறிப்பைக் கைவிடாமல் திகதியிட்டு எழுதி வாருங்கள்.

இரவில் இரண்டு எதிர்ச் செயல்கள் நடக்கின்றன. உயரத்தோடு காற்றின் வேகம் மாறுவது கொந்தளிப்பை ஊட்டுகிறது. அடியில் கிடக்கும் குளிர்ந்த கனமான காற்று அதை அமுக்குகிறது. அமுக்கத்துக்கும் ஊட்டத்துக்கும் உள்ள விகிதமே ரிச்சட்சன் எண். இவ்வெண் எங்கும் 0.25ஐ விட அதிகமாக உள்ள சீரான ஓட்டம் சிறு குலைவுகளால் உடையாது என்பதை மைல்சும் ஹோவார்டும் 1961இல் நிறுவினர். ஆனால் ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருக்கும் காற்று அந்த எல்லையைத் தாண்டியவுடன் அடங்கிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இயற்கையில் அது விட்டுவிட்டு, வெடித்து வெடித்துத் தொடர்கிறது. மேலும், மாதிரியின் இரண்டு மட்டங்களுக்கிடையே எடுக்கும் சராசரி, இடையிலுள்ள மெல்லிய அடுக்குகளை மறைத்துவிடுகிறது. ஓர் அடுக்கில் காற்று கிழிபடுகிற அளவுக்கு வேகவேறுபாடு இருக்கலாம். மாதிரியோ மொத்தத்தையும் உறுதியானது, அதாவது கொந்தளிப்பு அடங்கியது, என்று தீர்த்துவிடும்.

இதிலிருந்து நச்சுவட்டம் ஒன்று தொடங்குகிறது. கொந்தளிப்பு குறைந்தால் மேலிருந்து வெப்பம் கீழே வராது; வராததால் தரை மேலும் குளிரும்; குளிர்ந்ததால் கொந்தளிப்பு மேலும் குறையும். சில மணித்தியாலங்களில் தரையும் வளிமண்டலமும் ஒன்றையொன்று அறியாமல் பிரிந்துவிடும். நீங்கள் விவரித்த சுருக்கம் அச்சொட்டாக இதுவே. வானிலை முன்னறிவிப்பு நிலையங்கள் இதைத் தவிர்ப்பதற்காக, உறுதி மிகுந்த நிலையிலும் சிறிது கலப்பை விட்டுவைக்கும் நீண்ட வாலுடைய சார்புகளை நெடுங்காலம் பயன்படுத்தின. பின்னர் எல்லைப்படை மாதிரிகளை ஒப்பிடும் காப்ல்ஸ் முயற்சியின் முதற் கட்டத்தில், ஆர்க்டிக் பகுதியின் இரவொத்த நிலையொன்றைப் பெரிய சுழிகளை நேரடியாகவே கணிக்கும் பெருஞ்சுழித் தீர்வோடு ஒப்பிட்டபோது, அச்சார்புகள் தேவைக்கு மிஞ்சிக் கலக்கின்றன என்று தெரியவந்தது. நீங்கள் பின்னணிக் குணகத்தை உயர்த்துவதும் அதே வகையான கைவைத்தியம்தான். எண் ஒத்துவருகிறது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் வாய்க்காற்புகை இரண்டாம் மாடியில் படிந்ததே, உயர்த்திய குணகம் அந்தப் புகையை அங்கே படிய விடாது.

முதலில் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். கொழும்பின் இரவு ஈரமானது. வானம் பாலைநிலத்து வானத்தைப்போலத் தரையின் சூட்டைத் தடையின்றி வெளியே விடுவதில்லை. கொங்கிறீற்றும் தாரும் பகற்சூட்டை வைத்திருந்து இரவெல்லாம் கொடுக்கின்றன. நகரின் உள்ளே தரையோரக் காற்று இரவிலும் நடுநிலைக்கு (வெப்பநிலை வேறுபாடு கொந்தளிப்பை ஊட்டவும் அமுக்கவும் செய்யாத நிலைக்கு) அருகிலேயே இருப்பதற்கு எல்லாக் காரணமும் உண்டு. ஆகவே உங்கள் மாதிரி வெள்ளவத்தையை நகரமாக அறிகிறதா என்பதைப் பாருங்கள். டபிள்யூ.ஆர்.எஃப் உடன் வரும் பழைய நிலப்பயன்பாட்டுத் தரவு 1992–93 செய்மதிப் படங்களிலிருந்து ஆக்கப்பட்டது. கரையோரக் கட்டங்களில் கடலும் தரையும் மாறிக் கிடப்பதும், பேர வாவி போன்ற நீர்நிலைகளுக்குத் தவறான வெப்பநிலை ஏறிவிடுவதும் நான் கண்ட பிழைகள். கொந்தளிப்புத் திட்டத்தின்மேல் பழி போடுவதற்கு முன் தரையைச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (கூரைமேல் அளவி)

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். என் அளவி இருக்கும் கட்டம் மாதிரியில் பயிர்நிலம் என்று பதிவாகியிருந்தது. இத்தனை நாளாக நெல்வயல் ஒன்றின் இரவைக் கணித்துவிட்டு, அதை வெள்ளவத்தையின் இரவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. புதிய தரவை இட்டு, நகரத் தரைக்கான கூறையும் சேர்த்து மீண்டும் இயக்கினேன். சுருக்கம் பெருமளவு குறைந்துவிட்டது, முழுதாக நீங்கவில்லை. நக்கனிஷி–நீனோ திட்டத்தில் தரைக்காற்று (இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று) தொடர்ந்து வீசுகிறது, யொன்சே திட்டத்தில் மூன்று மணிக்குப் பின் அது அறுந்துபோகிறது. ஏழு மணி உச்சத்தையும் இரண்டுமே சரியாகப் பிடிக்கவில்லை.

மறுமொழி 3 (எழுதியவர்: எல்லைப்படை ஆய்வாளர்)

எஞ்சியுள்ள வேறுபாட்டைப் பற்றி எழுதுகிறேன். எந்தத் திட்டம் சிறந்தது என்று கேட்பதைவிட, ஒவ்வொரு திட்டத்திலும் உள்ள எந்த ஊகம் கொழும்பில், எந்த மணிக்கு உடைகிறது என்று கேட்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. இத்திட்டங்களின் மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பாருங்கள். மொனின், ஒபுகோவ் இருவரும் 1954இல் வகுத்த, தரையோரக் காற்றின் வேகமும் வெப்பநிலையும் உயரத்தோடு மாறுவதை விவரிக்கும் ஒப்புமைக் கொள்கைக்கு எண்களைக் கொடுத்தது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1968இல் நடந்த பரிசோதனை. அறுவடை முடிந்த கோதுமை வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை, நடுவே 32 மீற்றர்க் கோபுரம். அங்கேயே, காற்றின் வேகம் உயரத்தோடு கூடும் விதத்தைக் குறிக்கும் கார்மன் மாறிலி 0.35 என்று கிடைத்து, பின்னர் கோபுரம் காற்றைக் குலைத்ததால் வந்த பிழை என்று பலரும் கருதி, 0.4 நிலைபெற்றது. 1999இல் இரவு எல்லைப்படைக்கென நடத்திய பெரிய களப்பணியும் அதே மாநிலத்தில்தான் நடந்தது. நடு அகலாங்கு, வறண்ட காற்று, கடல் இல்லை, நகரம் இல்லை. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை; அந்த எண்களைக் காலிமுகத்திடலுக்குக் கொண்டுவரும்போது எதை விட்டுவந்தோம் என்று நாமே கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலாவதாகப் புவிச்சுழற்சி. கொழும்பு 6.9 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே, புவிச்சுழற்சி காற்றைத் திருப்பும் வலிமையைக் காட்டும் கோரியோலிசு அளவுரு, 45 பாகையில் உள்ளதன் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. நடுநிலை எல்லைப்படையின் உயரத்தை உராய்வு வேகத்தை (தரை உராய்வின் வலிமையை வேக அலகில் தரும் அளவை) இந்த அளவுருவால் வகுத்து, கால் பங்கு எடுத்துக் கணிக்கும் பழைய சூத்திரத்தைப் பாருங்கள். உராய்வு வேகம் செக்கனுக்கு 0.3 மீற்றர் எனில், 45 பாகையில் ஏறத்தாழ 730 மீற்றர் என்று நம்பத்தக்க விடை வருகிறது. கொழும்பில் அதே சூத்திரம் நான்கு கிலோமீற்றருக்கு மேல் காட்டும். சூத்திரம் தரும் அந்தச் சமநிலையை அடைவதற்குக் காற்றுக்கு இங்கே நேரமே இல்லை. புவிச்சுழற்சியால் காற்று ஒரு சுற்றுத் திரும்பும் சடத்துவ அலைவின் காலம் நூறு மணித்தியாலம், நான்கு நாளுக்கும் மேல். அதற்குள் கடற்காற்றும் தரைக்காற்றும் நான்கு முறை மாறிவிடும். எனவே கொழும்பின் எல்லைப்படையை வடிவமைப்பதில் முதலிடம் தரைக்கும் கடலுக்கும் இடையிலான நாளாந்த வெப்ப வேறுபாட்டுக்கே. யொன்சே திட்டத்தில் மூன்று மணிக்குத் தரைக்காற்று அறுந்தது என்கிறீர்கள். அத்திட்டம் உறுதியான நிலையில் படையின் உயரத்தை ரிச்சட்சன் எண் 0.25ஐத் தாண்டும் இடத்தில் வெட்டுகிறது. மெல்லிய தரைக்காற்றின் முகட்டுக்கு (அதன் வேகம் உச்சமடையும் உயரத்துக்கு) கீழேயே அந்த வெட்டு விழுந்தால், முகட்டின் உந்தம் தரைக்கு இறங்காது. அந்த மணியில் வெட்டுயரமும் காற்றின் முகட்டுயரமும் எங்கே இருக்கின்றன என்று ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக ஈரப்பதன். நீராவி உலர் காற்றைவிட இலேசானது என்பதால், ஆவியாதலும் மேலுதைப்பை, அதாவது காற்றை மேலே தள்ளும் விசையை, தருகிறது. தரையில் இது சிறு திருத்தம்தான். கடலின்மேல் நிலைமை வேறு. சதுர மீற்றருக்கு 10 வாட் வெப்பமும், ஆவியாதலால் 120 வாட் மறைவெப்பமும் எழுவதாகக் கொண்டால், மேலுதைப்பில் ஏறத்தாழ பாதி நீராவியாலேயே வருகிறது. கடற்கரைக்கான பாடங்கள் பலவும், குளிர்ந்த கடலிலிருந்து உறுதியான காற்று வந்து சூடான தரையில் ஏறுவதையே எழுதியிருக்கும். நம் கடல் 28 பாகை செல்சியசை ஒட்டியது; பின்னிரவில் தரைக்காற்றைவிடச் சூடானது. நகரைவிட்டுக் கடலுக்கு மேல் போன புகை அங்கே கொந்தளிப்பால் கலக்கப்பட்டு, காலையில் கடற்காற்று திரும்பும்போது நகருக்கு மீளக் கூடும். உங்கள் மாதிரி கணிக்கும் பரப்பு கடற்பக்கம் போதிய தூரம் விரிந்திருக்கிறதா?

ஒரு கிலோமீற்றர் இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலின் பெருஞ்சுழியும் உங்கள் கட்டமும் ஒரே அளவினவாக இருப்பதால், மாதிரி அந்தச் சுழியைப் பாதி தானே தீர்க்கிறது, மீதிக்குத் திட்டமும் அதையே இன்னொரு முறை கணிக்கிறது. வின்கார்ட் 2004இல் அறியா நிலம் என்று பெயரிட்ட இடைவெளி இது. அதற்குள் நின்றுகொண்டு கடற்காற்று முகப்பின் நுணுக்கங்களை நம்பாதீர்கள். மூன்று கிலோமீற்றரில் ஒரு முறை இயக்கி, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார்ப்பது நல்லது.

ஏழு மணி உச்சத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வாகன நெரிசல் ஒன்று. மற்றது, சனவரியில் ஆறேகால் கடந்து சூரியன் உதித்தபின் கலப்புப்படை வளரும்போது, இரவில் மேலே தங்கிய மாசு கீழே இறங்குவது. இரண்டும் ஒரே மணியில் நடப்பதால் வேலைநாளில் பிரித்தறிய முடியாது. பூரணை விடுமுறை நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தனியே எடுத்து, அந்தக் காலைகளிலும் உச்சம் அதே மணியில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது காற்றின் வேலை.

மறுமொழி 4 (எழுதியவர்: வானிலை நோக்குநர், ஓய்வுநிலை)

முன்னவர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சரிபார்ப்பதற்குப் பலூன் தரவை எடுக்கப் போகிறீர்கள் என்றால், உலகெங்கும் ஒருங்கே பலூன் ஏற்றும் கிறீனிச் நேரம் 00 மணியும் 12 மணியும் நமக்குக் காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும் ஆகும். ஒன்று விடிவதற்கு முன், மற்றது படை அடங்கத் தொடங்கும் வேளை. நண்பகற் கலப்புப்படையின் உயரத்தை இவை காட்டமாட்டா. காலைப் பலூன் உங்களுடைய இரவுச் சிக்கலுக்கு மட்டும் நல்ல சாட்சி. அதையும் கீழ் 300 மீற்றருக்குள் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் விடாமல் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (கூரைமேல் அளவி)

அனைவருக்கும் நன்றி. வெட்டுயரத்தையும் காற்றின் முகட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை வெட்டு, முகட்டுக்குக் கீழேதான் விழுகிறது. பின்னணிக் குணகத்தைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன். பூரணை நாட்கள் ஒரு பருவத்தில் மிகக் குறைவு என்பதால் ஞாயிறுகளோடு சேர்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பீடத்தில் ஒலியலையால் காற்றை அளக்கும் சோனிக் காற்றுமானி ஒன்றை இரண்டு வாரங்களுக்கு இரவல் தர இசைந்திருக்கிறார்கள். அதை அளவிக்குப் பக்கத்திலேயே கூரையில் பூட்டி, வழக்கம்போல அரை மணி நேரச் சராசரி எடுத்தால் போதுமா?

மறுமொழி 5 (எழுதியவர்: எல்லைப்படை ஆய்வாளர்)

கூரைச் சுவரை ஒட்டிப் பூட்டாதீர்கள். கட்டடங்களின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை காற்று அக்கட்டடங்களின் வடிவத்தையே பேசும். ஒப்புமைக் கொள்கை அதற்கு மேலேதான் தொடங்குகிறது. கூரையில் இயன்ற உயரத்திற்குக் கம்பம் நாட்டி, பெறும் பாயங்களை (கொந்தளிப்பு கடத்தும் வெப்பம், உந்தம் ஆகியவற்றின் அளவுகளை) அந்த இடத்துக்குரியவை என்றே வாசியுங்கள்; மாதிரியின் கட்டச் சராசரியோடு நேருக்கு நேர் வைக்காதீர்கள்.

அரை மணி நேரம் பகலுக்குப் பொருந்தும். பின்னிரவில் காற்று செக்கனுக்கு ஒரு மீற்றர் என்றால், அரை மணியில் அளவியைக் கடந்து போவது 1.8 கிலோமீற்றர்க் காற்று மட்டுமே. அதற்குள் மெதுவான தரைக்காற்றின் அசைவும் கொந்தளிப்போடு கலந்துவிடும். இரவுக்கு ஐந்து நிமிடச் சராசரியாகவும் பகலுக்கு முப்பது நிமிடச் சராசரியாகவும் பிரித்தெடுங்கள். மூலத் தரவைச் செக்கனுக்கு 20 முறை என்ற வேகத்திலேயே, ஒன்றையும் அழிக்காமல் சேமித்து வையுங்கள். புகை படியும் காலைகளின் திகதிகளை அந்தக் கோப்புகளின் பெயரிலேயே குறித்துவிட்டால், பின்னர் தேடும் வேலை இராது.